ஐந்து பேர் நின்றும் ஐந்தாவது நிமிடத்தில் கோல்

நீங்கள் கேட்டிருப்பது இது: கால்பந்தில் 4-4-2, 4-3-3, 5-3-2 (பின்னாலிருந்து டிஃபெண்டர், மிட்ஃபீல்டர், ஃபார்வேர்டு எத்தனை பேர் என்ற கணக்கு) மூன்றில் தடுப்பாட்டத்துக்கு எது நல்லது, 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ ஆடியது வெறும் ‘பஸ் நிறுத்துற’, அதாவது கோல் வாசலை ஆட்களால் அடைக்கிற ஆட்டம்தானே, ஞாயிற்றுக்கிழமை ஆடும் உங்கள் அணிக்கு எதை வைத்துக்கொள்ளலாம். நண்பர்களோடு நடந்த சண்டையில் நீங்கள் 5-3-2 பக்கம் நின்றீர்கள் என்பது கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. அதனால் உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று என்று எடுத்துக்கொள்கிறேன்: பின்னால் ஆளைக் கூட்டினால் கோல் விழுவது குறையுமா? என் பதில், அதனால் மட்டும் குறையாது. சில சமயம் கூடவும் செய்யும். ஏன் என்று சொல்ல வேண்டும் என்றால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மாவட்ட அளவில் ஸ்டாப்பராக (நடு டிஃபெண்டராக) ஆடினேன். முட்டி போன பிறகு, கடந்த பதினான்கு வருடமாகப் பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தொழில்முறை அணிகளோடு வேலை செய்தவன் இல்லை. ஐரோப்பிய ஆட்டங்களை உங்களைப் போலவே டிவியில் பார்க்கிறவன்தான். டிவியில் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். தடுப்பாட்டம் பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில் நடக்கும். ஆகவே கீழே சொல்வதில் ஆட்ட விவரங்களை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லும் இடங்கள் என் கணிப்பு.

4-3-3 என்று டிவியில் ஆட்டத்துக்கு முன்னால் போடும் படம் இருக்கிறதே, அது கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியும். பந்தி ஆரம்பித்ததும் யார் எங்கே ஓடுவார்கள் என்று தெரியாது. 2022இல் மொராக்கோவின் படம் 4-3-3. எதிரணியிடம் பந்து போனதும் ஓரத்து ஃபார்வேர்டுகள் சியேச்சும் பூஃபாலும் கீழே இறங்கிவிடுவார்கள். மிட்ஃபீல்டர் அம்ராபத் நான்கு டிஃபெண்டர்களுக்கு முன்னால் தனியாக நிற்பார். அப்போது எண்ணிப் பார்த்தால் 4-1-4-1. இரண்டும் ஒரே பதினோரு பேர்தான், ஒரே ஆட்டத்தில், முப்பது நொடி இடைவெளியில்.

இப்போது அந்த அணியின் அரையிறுதியை எடுத்துக்கொள்வோம், உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தோன்றவில்லை. டிசம்பர் 14, பிரான்ஸுக்கு எதிராக. அதுவரை ஐந்து ஆட்டத்தில் மொராக்கோ வாங்கியது ஒரே ஒரு கோல். அதுவும் கனடா ஆட்டத்தில் டிஃபெண்டர் அகேர்த் காலில் பட்டுப் போன சேம் சைடு கோல். அதாவது எதிரணி வீரர் ஒருவர்கூட அவர்களுக்கு எதிராகக் கோல் போட்டிருக்கவில்லை, பெனால்டி ஷூட் அவுட்டில்கூட. இதெல்லாம் பின்னால் நான்கு பேரை வைத்து ஆரம்பித்த ஆட்டங்கள். பிரான்ஸ் என்றதும் பயிற்சியாளர் ரெக்ராகுயி பின்னால் ஐந்து பேரை நிறுத்தினார். அவர்களின் ஃபார்வேர்டு எம்பாப்பே இருக்கிறார், ஓர் ஆள் கூடுதலாக இருக்கட்டும் என்ற நியாயமான யோசனையாகத்தான் இருக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் கோல்.

அந்தக் கோலை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிரான்ஸின் வரான் பின்னாலிருந்து கிரீஸ்மனுக்கு ஒரு பாஸ் போடுகிறார். மொராக்கோ டிஃபெண்டர் எல் யாமிக் தன் இடத்தை விட்டு முன்னால் வந்து அதை வெட்டப் பார்க்கிறார், கிடைக்கவில்லை, சறுக்கி விழுகிறார். கிரீஸ்மன் அவர் விட்ட இடத்தில் உள்ளே போய்ப் பந்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார். எம்பாப்பே அடிக்கிறார், தடுக்கப்படுகிறது. மொராக்கோக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பந்தை நோக்கிக் குவிந்துவிட்டார்கள். பந்து தெறித்து அடுத்த போஸ்ட் பக்கம் போகிறது. அங்கே பிரான்ஸின் தியோ ஹெர்னாண்டஸ், அவரை அண்டி ஓர் ஆள்கூட இல்லை, காலைத் தூக்கி அடிக்கிறார். பாக்ஸுக்குள், அதாவது கோல் முன்னால் இருக்கும் பெரிய கட்டத்துக்குள், ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் வெளியே போனால் அவர் விட்ட ஓட்டையை யார் மூடுவது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

அத்தோடு கதை முடியவில்லை. கேப்டன் சயீஸ் காயத்தோடுதான் இறங்கியிருந்தார். 21ஆவது நிமிடத்தில் அவர் வெளியேற, மிட்ஃபீல்டர் அமல்லா உள்ளே வந்தார், மொராக்கோ மறுபடி நான்கு பேருக்கு மாறியது. அதற்குப் பிறகு பந்து பெரும்பாலும் அவர்கள் காலில்தான் இருந்தது. முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் அதே எல் யாமிக் தலைக்கு மேல் காலைத் தூக்கி அடித்தது போஸ்டில் பட்டது. பிரான்ஸின் இரண்டாவது கோல் 79ஆவது நிமிடத்தில்தான் வந்தது. ஆகவே ‘ஐந்து வைத்ததால் தோற்றார்கள்’ என்று நான் அடித்துச் சொல்வேனா? மாட்டேன். அகேர்த் பெயர் முதல் பதினொன்றில் இருந்தும் கடைசி நேரத்தில் ஆட முடியாமல் தாரி வந்தார், சயீஸ் பாதிக் காலோடு நின்றார். நல்ல உடம்போடு அதே ஐவர் நின்றிருந்தால் வேறு மாதிரிப் போயிருக்கலாம். ஆனால் ஓர் ஆளைக் கூட்டியது அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதில் சந்தேகம் இல்லை.

அடுத்து ‘பஸ்’. இந்தச் சொல் பிரபலமானதே மொரினியோவால்தான், 2004 செப்டம்பரில். அப்போது அவர் செல்சியின் பயிற்சியாளர், டோட்டன்ஹாம் வந்து கோலில்லாமல் சமன் செய்துவிட்டுப் போனது, எங்கள் ஊரில் சொல்வது போல பஸ்ஸைக் கொண்டுவந்து கோல் முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்று புலம்பினார். பிற்பாடு அந்த வசவு அவர் தலையிலேயே ஒட்டிக்கொண்டது வேறு விஷயம். பஸ் என்றால் என் கணக்கில், பத்து பேரும் பாக்ஸ் வாசலில் நின்று வருவதை எல்லாம் உதைத்துத் தள்ளுவது. அதே 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக மொராக்கோ செய்தது அது இல்லை. அந்த 120 நிமிடத்தில் ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டது, கோலை நோக்கிச் சரியாகப் போன ஷாட் ஒன்றுதான். மொராக்கோ ஃபார்வேர்டு என்-நெசிரியைக் கவனியுங்கள். ஸ்பெயின் ஸ்டாப்பர்கள் பந்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள், அவர்களைத் துரத்தவே மாட்டார். அவர்களுக்கும் ஸ்பெயின் மிட்ஃபீல்டர் புஸ்கெட்ஸுக்கும் நடுவில் நின்றுகொள்வார். நடுவழி அடைபட்டதால் பந்து பக்கவாட்டிலேயே போய்வந்துகொண்டிருந்தது. கோட்டோரம் பந்து போனால் அங்கே மூன்று பேர் சேர்ந்து நெருக்குவார்கள், அம்ராபத் பின்னால் வந்து ஓட்டையை மூடுவார். ஸ்பெயின் எங்கே பாஸ் போடலாம் என்பதை மொராக்கோதான் முடிவு செய்தது. பஸ் டிரைவருக்கு அவ்வளவு வேலை இருக்காது.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. முழு அளவு மைதானம் என்றால் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நான்கு பேர் 68 மீட்டரையும் பங்கு போட்டால் ஆளுக்கு 17 மீட்டர். அந்த இடைவெளியில் ஆட்டோவே போகும். ஐந்து பேர் என்றாலும் 13 மீட்டருக்கு மேல், அதுவும் போதாது. அதனால் எந்த நல்ல அணியும் முழு அகலத்தைக் காப்பதில்லை. பந்து இடது பக்கம் இருந்தால் எல்லாரும் இடது பக்கம் நகர்ந்து, வலது ஓரத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். நான்கு பேரும் ஏறக்குறைய 30 மீட்டருக்குள் அடங்குவார்கள். எதிரணி பந்தை அடுத்த ஓரத்துக்கு மாற்ற அது காற்றில் இரண்டு மூன்று நொடி போக வேண்டும், அதற்குள் இவர்கள் நகர்ந்துவிடலாம் என்ற சூதாட்டம் அது. அதே மாதிரி முன்னும் பின்னும்: டிஃபெண்டர் வரிசைக்கும் மிட்ஃபீல்டு வரிசைக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருந்தால் அங்கே பந்தை வாங்குகிறவருக்குத் திரும்ப நேரம் இருக்காது. இருபத்தைந்தாகிவிட்டால் அவர் வாங்கி, திரும்பி, நிமிர்ந்து பார்த்து, ஆற அமர பாஸ் போடுவார். 4-4-2, 5-3-2 என்ற எந்த எண்ணிலும் இந்தப் பத்து மீட்டர் எழுதியிருக்காது.

இதை ஒரு கொள்கையாகவே பிடித்துக்கொண்டவர் அரிகோ சாக்கி. 1987இல் இத்தாலியின் ஏசி மிலானுக்குப் பயிற்சியாளராக வந்தவர், 1989, 1990 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். கடைசி டிஃபெண்டருக்கும் முன்னால் நிற்கும் ஃபார்வேர்டுக்கும் நடுவில் 25 மீட்டர்தான் இருக்க வேண்டும் என்பார். ஆட்கள் நடுவில் கயிறு கட்டியது போல மொத்த அணியும் ஏறி இறங்கும். அவர் பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு. அணியின் ஃபார்வேர்டுகள் குல்லிட்டும் வான் பாஸ்டனும் இந்த முறையில் நம்பிக்கை இல்லாமல் கேட்டபோது, ஒரு பக்கம் கோலியோடு தசோட்டி, மால்தினி, கோஸ்டாகுர்டா, பரேசி ஐந்து பேர், எதிர்ப்பக்கம் பத்து பேர் என்று பிரித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் கோல் போடுங்கள் என்றாராம். ஒருமுறைகூட முடியவில்லையாம். சொந்தப் பெருமையைச் சொல்லும் கதை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தே கேட்கிறேன். ஆனால் அந்த நால்வர் ஆடிய ஆட்டங்களின் பதிவு கிடைக்கிறது. பரேசி ஓர் அடி முன்னால் வைத்தால் மற்ற மூன்று பேரும் வைப்பதை அதில் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஏறி நிற்பதில் ஆபத்து எவ்வளவு என்பதற்கும் அதே 2022இல் ஓர் உதாரணம் இருக்கிறது. நவம்பர் 22, லுசைல் மைதானம், சவூதி அரேபியாவும் அர்ஜென்டினாவும். 36 ஆட்டமாகத் தோற்காமல் வந்த அணிக்கு எதிராக சவூதி டிஃபெண்டர்கள் நடுக்கோட்டை ஒட்டி ஏறி நின்றார்கள். மெஸ்ஸி பத்தாவது நிமிடத்தில் பெனால்டியில் ஒன்று போட்டார். அதற்குப் பிறகு முதல் பாதியிலேயே அர்ஜென்டினா மேலும் மூன்று முறை பந்தை வலைக்குள் போட்டது, மூன்றும் ஆஃப்சைடு (பாஸ் போடும் நொடியில் டிஃபெண்டர் வரிசையைத் தாண்டி நின்றது). அந்தப் பாதியில் மட்டும் ஏழு ஆஃப்சைடு. இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் அல்-ஷெஹ்ரி ஒன்று, அல்-தவ்சரி ஒன்று, 2-1. வீட்டில் நாங்கள் டிவிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டோம்.

இது திட்டமா அதிர்ஷ்டமா என்று இன்றைக்கும் கேட்பார்கள். இரண்டும்தான். ஏறி நிற்பது திட்டம், நால்வரும் சேர்ந்து ஏறியது பயிற்சி. ஆனால் லவுத்தாரோ மார்ட்டினெஸ் போட்ட முதல் கோல் செல்லாமல் போனது தோள் அளவு வித்தியாசத்தில். பந்துக்குள் சென்சாரும் கூரையடியில் பன்னிரண்டு கேமராவும் வைத்திருந்த உலகக் கோப்பை அது. வெறும் கண்ணால் பார்த்துக் கொடி தூக்கும் காலமாக இருந்தால் அது கோலாகவே நின்றிருக்கலாம். இரண்டாவது பாதியில் முன்னிலை கிடைத்ததும் சவூதி அந்த உயரத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது, கடைசி முப்பது நாற்பது நிமிடம் பாக்ஸ் வாசலில் உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள், கோலி அல்-ஓவைஸ் காப்பாற்றினார். அதாவது அதே ஆட்கள் ஒரே ஆட்டத்தில் இரண்டு விதமான தடுப்பாட்டம் ஆடினார்கள். அதே அணி அடுத்து போலந்திடம் 2-0, மெக்சிகோவிடம் 2-1 என்று தோற்று, பிரிவில் கடைசியாக வீட்டுக்குப் போனது. ஒரு நாள் வேலை செய்த பொறி மறுநாளும் வேலை செய்யும் என்று இல்லை. (ஆஃப்சைடு பொறி இன்று நேற்றையது இல்லை. அந்தக் காலத்தில் பந்து வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் டிஃபெண்டர்கள் அதை வைத்து ஆட்டத்தையே கொன்றதால் 1925இல் மூன்றை இரண்டாக்கினார்கள். கோல் மழை கொட்டியது. உடனே ஆர்சனல் பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன் நடு ஹாஃபை (நடு வரிசையின் மைய ஆளை) பின்னால் இழுத்து மூன்றாவது டிஃபெண்டர் ஆக்கினார். நாம் இன்று போடும் சண்டைக்கு வயது நூறு.)

இவ்வளவு சொல்லிவிட்டு எதிர்க்கட்சி வாதத்தை மறைத்தால் நேர்மை இல்லை. ஃபார்மேஷனை மாற்றியதாலேயே ஓர் அணி மாறியதை நான் பார்த்திருக்கிறேன்: 2016இல் பயிற்சியாளர் கோன்டேயின் செல்சி. செப்டம்பர் 24 அன்று ஆர்சனலிடம் முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கினார்கள். 55ஆவது நிமிடத்தில் மிட்ஃபீல்டர் ஃபாப்ரிகாஸை எடுத்துவிட்டு ஓரத்து டிஃபெண்டர் அலோன்சோவை இறக்கி, நடு டிஃபெண்டர்களை இரண்டிலிருந்து மூன்றாக்கினார் கோன்டே. அடுத்த ஆட்டத்திலிருந்து லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி, அதில் முதல் ஆறில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. சீசன் முடிவில் 93 புள்ளியோடு பட்டம். இங்கே கூட்டிய ஆள் உதவினாரே என்று நீங்கள் கேட்கலாம். உதவினார். ஆனால் எப்படி? அந்த மூவரில் அஸ்பிலிக்குவேட்டாவோ கேஹிலோ ஒருவர் துணிந்து முன்னால் பாய்ந்தால், பின்னால் டேவிட் லூயிஸ் இருந்தார். முன்னால் மிட்ஃபீல்டர்கள் கான்டேயும் மாட்டிச்சும் இருந்தார்கள். பிரான்ஸ் ஆட்டத்தில் எல் யாமிக் பாய்ந்தபோது எது இல்லையோ அது இங்கே இருந்தது. இன்னொன்று, அந்த சீசன் செல்சிக்கு ஐரோப்பியப் போட்டிகள் கிடையாது. வாரம் முழுக்கப் பயிற்சி செய்ய நேரம் இருந்தது. வெற்றியில் பாதி அந்த நேரத்தின் பங்கு என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிப் போட்டி அரையிறுதி. ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னிலை, இன்னும் இருபது நிமிடம். மிட்ஃபீல்டில் ஆடிய ஒரு பையனைப் பின்னால் இழுத்து ஐந்து பேர் ஆக்கினேன். அதுவரை நன்றாகத்தான் தடுத்துக்கொண்டிருந்தார்கள், நான்தான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அதற்கப்புறம் எதிரணி ஓரத்திலிருந்து அடிக்கும் ஒவ்வொரு கிராஸையும் எங்கள் பையன்கள் தலையால் முட்டி வெளியே தள்ளினார்கள். தள்ளிய பந்து விழுந்த இடத்தில் எங்கள் ஆள் இல்லை. அங்கே நின்றவனைத்தான் நான் பின்னால் இழுத்திருந்தேனே. முன்னால் தனியாக மாட்டிக்கொண்ட பையன் திரும்பி, “சார், இங்க யாருமே இல்ல சார்!” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு கோலும் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தவை. ஐந்து பேர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தோம்.

ஆளுக்கு ஆள் மார்க் பண்ணுவதா, இடத்தைக் காப்பதா என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். ஓடும் ஆட்டத்தில் இடத்தைக் காப்பதே மேல் என்பது என் நம்பிக்கை, ஆளைத் துரத்தினால் அவன் போகிற இடத்துக்கெல்லாம் உங்கள் டிஃபன்ஸை அவனே கூட்டிக்கொண்டு போவான். 1953இல் வெம்ப்ளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று அடித்ததே அப்படித்தான்: ஹிடெக்குட்டி ஃபார்வேர்டு எண்ணைப் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கி ஆடினார், அவரோடு போவதா இடத்தில் நிற்பதா என்று இங்கிலாந்து ஸ்டாப்பருக்குக் கடைசி வரை புரியவில்லை. அவர் மூன்று கோல் போட்டார். கார்னர் வரும்போது மட்டும் எனக்கே இதில் தெளிவு இல்லை. இரண்டு முறையிலும் கோல் வாங்கியிருக்கிறேன். இப்போது முதல் போஸ்டிலும் கோலிக்கு முன்னாலும் இடத்தைக் காக்க மூன்று பேர், மற்றவர்கள் ஆளைப் பிடிக்க என்று கலந்து வைத்திருக்கிறேன்.

சரி, உங்கள் ஞாயிற்றுக்கிழமை அணி. வாரம் ஒருமுறை ஆடுகிறீர்கள், ஆளும் மாறி மாறி வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 5-3-2 வேண்டாம். அதில் இரண்டு விங் பேக்கும் (ஓரத்து டிஃபெண்டர்களும்) மைதானத்தின் முழு நீளமும் ஏறி இறங்க வேண்டும், முப்பது வயதைத் தாண்டிய உடம்புக்கு அது நாற்பதாவது நிமிடத்திலேயே வெறும் ஐந்து டிஃபெண்டராகிவிடும். 4-4-2 வைத்துக்கொள்ளுங்கள். பந்து போனதும் எங்கே போய் நிற்க வேண்டும் என்று யாருக்கும் யோசிக்க வேண்டியிருக்காது: நாலு பேர் ஒரு வரிசை, அதற்கு முன்னால் நாலு பேர் இன்னொரு வரிசை. முன்னால் இருக்கும் இருவரில் ஒருவர் எதிரணியின் நடுக்கள ஆளிடம் பந்து போகும் வழியில் நின்றால் போதும், ஓட வேண்டாம்.

அடுத்த வாரம் அரை மணி நேரம் முன்னால் வந்து இதைச் செய்து பாருங்கள். துணி காயப்போடும் நைலான் கயிறு 24 மீட்டர் வாங்கி மூன்று எட்டு மீட்டராக வெட்டுங்கள். பின்னால் ஆடும் நான்கு பேரையும் இடுப்பில் ஒருவரோடு ஒருவர் கட்டிவிடுங்கள், பிடித்து இழுத்தால் அவிழும் முடிச்சாக. மற்றவர்கள் பந்தை மெதுவாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பாஸ் பண்ணட்டும். நால்வரும் கயிறு தரையில் தொங்காமலும் விறைத்து இழுக்காமலும் நகர வேண்டும். பந்தைப் பின்னுக்குத் தட்டினால் நாலு அடி எடுத்து வைத்து முன்னால் ஏற வேண்டும், பந்து வைத்திருப்பவன் தலையைத் தூக்கினால் பின்னால் இறங்க வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிப்பாகத்தான் இருக்கும். எங்கள் பையன்கள் கயிறை அவிழ்த்த பிறகும் சேர்ந்து நகர மூன்று சனிக்கிழமை ஆனது.